பட்டாவில் யார் பெயர்?

மாநாட்டுக்கு முதல் நாள் இரவு பதினோரு மணி வரைக்கும் நாங்கள் நான்கு பேர் மண்டபத்தில் உட்கார்ந்து பெயர் அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். மொத்தம் 240 அட்டை. பாதிக்கு மேல் ‘திருமதி’ போட்டுக் கணவர் பெயர். சிலவற்றில் கணவரின் டாக்டர் பட்டம், வக்கீல் பட்டம்கூடச் சேர்ந்து வந்திருந்தது. உறுப்பினர் படிவத்தில் எப்படி எழுதியிருந்ததோ அப்படியே அச்சாகி வந்துவிட்டது. இதை இப்படியே கொடுக்க வேண்டாம், அவரவர் பெயரை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தால், ஒரு அட்டையில் நால்வரும் நின்றுவிட்டோம். பன்னிரண்டு வருடமாகப் பழகிய அக்கா அவர். கண் சிகிச்சை முகாம் என்றால் காலை ஐந்து மணிக்கே வந்து நிற்பவர். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. போன் செய்து கேட்டோம். “எதுக்குங்க இந்நேரத்துல?” என்று தூக்கக் கலக்கத்தில் கேட்டார். காரணத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் பெயரைச் சொன்னார். அவ்வளவு அழகான பெயர்!

நாங்கள் நடத்துவது சின்ன மாதர் சேவைச் சங்கம். மயிலாடுதுறை, சீர்காழி, கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் என்று சுற்றுவட்டாரத்தில் இதேபோல் இருக்கும் சங்கங்கள் சேர்ந்து வருடம் ஒரு முறை கூடுவோம். தையல் மெஷின் கொடுப்பது, பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டித் தருவது, புயல் வந்தால் அரிசி, பாய், போர்வை திரட்டிக்கொண்டு போவது, இவைதான் எங்கள் வேலை. இந்த வேலைகளை நான் குறைவாக நினைக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, கூரை போன வீட்டில் ஒரு தார்ப்பாய்க்கு என்ன மதிப்பு என்று கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் இந்த வருட மாநாட்டில் பேசிய பெண்களைக் கேட்ட பிறகு, நாங்கள் இத்தனை நாள் தொடாமலே விட்ட ஒன்று எது என்று எனக்குத் தெரிந்தது. அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

பெண்கள் சேவைச் சங்கங்கள் பிறந்த கதையிலேயே இந்தப் பெயர் விவகாரம் உண்டு. உலகத்தின் பெரிய பெண்கள் சேவை அமைப்புகளில் ஒன்றான இன்னர் வீல், 1924 ஜனவரி 10 அன்று மான்செஸ்டரில் தொடங்கியது. தொடங்கியவர் மார்கரெட் கோல்டிங். நர்ஸாக இருந்து, சொந்தமாகத் தொழிலும் நடத்தியவர். ரோட்டரிக்காரர்களின் மனைவிமார் ஒன்றுகூடித் தொடங்கிய சங்கம் அது. சக்கரத்துக்குள் ஒரு சின்னச் சக்கரம் என்பதுதான் அதன் சின்னம். அந்தக் காலத்தில் பெண்கள் கூடி வேலை செய்யக் கிடைத்த வாசல் அதுதான், அதன் வழியே உள்ளே வந்தார்கள். நம் பக்கம் சென்னை அடையாறில் 1917-இலேயே இந்திய மாதர் சங்கம் தொடங்கியிருந்தது. வந்த வழி எதுவாக இருந்தாலும் வந்தவர்கள் செய்த வேலை பெரியது. அந்த வேலைக்கு மேல் யார் பெயர் எழுதப்பட்டது என்பதைத்தான் நான் இப்போது யோசிக்கிறேன்.

தை மாதக் கடைசி. சம்பா அறுவடை நேரம். மண்டபத்துக்கு வரும் வழியெல்லாம் ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டை அடுக்கு, ஈரப்பதம் பார்க்கக் காத்திருக்கும் ஆட்கள். வயலில் அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதிர் அறுக்க வந்த பெண்கள் முன்பு வரிசையாகக் குனிந்து நின்ற வரப்பு காலியாக இருந்தது.

காலையில் பேசிய சிறப்பு விருந்தினர் உயர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். நன்றாகவே பேசினார். பெண்கள் தேர்வு எழுதி மேலே வர வேண்டும் என்றார், தன் கதையைச் சொன்னார், கைதட்டினோம். அவர் காரைக்கால் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் பதினொன்றரைக்கே கிளம்பிவிட்டார்.

அடுத்து வந்தவர் தரங்கம்பாடிப் பக்கத்து மீனவ கிராமத்திலிருந்து வந்த அம்மா. மைக்கைப் பிடிக்கவே தயங்கினார். 2004 டிசம்பர் 26 அன்று கூடையோடு கரையில் நின்றிருந்தவர். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அந்தக் காலைப் பொழுது கொண்டுபோனது. அவர் அழுகையைப் பற்றிப் பேசவில்லை, கணக்கைப் பற்றிப் பேசினார். “படகு போனவங்களுக்குப் படகு குடுத்தாங்க, வலை போனவங்களுக்கு வலை குடுத்தாங்க. எங்க கூடை போச்சு, தராசு போச்சு, நாங்க வட்டிக்கு வாங்கி முதல் போட்ட காசு போச்சு. அதை யாரு கணக்குல எழுதுனா?” என்று கேட்டார். மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. கடலுக்குப் போகிறவர் மீனவர். அவர் கொண்டுவந்த மீனை ஏலம் எடுத்து, பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்று, பத்து கிலோமீட்டர் தள்ளிப் போய் விற்றுக் காசாக்குகிறவருக்கு அந்தப் பட்டியலில் என்ன பெயர்? அவரும் அவர் ஊரிலிருந்த மற்ற பெண்களும் சேர்ந்து தங்கள் பெயர்களைத் தாங்களே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். மீன் விற்கும் பெண்களுக்கென்று தனிப் பட்டியல் வரும் வரைக்கும் விடவில்லை.

கடைசியாக ஒன்று சொன்னார். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளை அரசாங்கம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்த்தே எழுதிக் கொடுத்தது. “எங்க வம்சத்துல ஒரு பொம்பளை பேரு வீட்டுப் பத்திரத்துல ஏறுனது அதான் முதல் தடவை. அதுக்குக் கடலே வர வேண்டியதாப் போச்சு” என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கடைசியாகப் பேசியவரைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். கீழ்வேளூர் பக்கம். 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து ஐந்து வருடம் ஊராட்சித் தலைவராக இருந்தவர். நடவு வேலைக்குப் போன குடும்பம், சேரியில் வளர்ந்தவர். தலைவரான முதல் வாரம் அலுவலகத்துப் பெயர்ப் பலகையில் அவர் பெயருக்குக் கீழே கணவர் பெயரையும் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். பெயிண்டரைக் கூப்பிட்டு அதை அழிக்கச் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தாராம். “எங்க வீட்டுக்காரருக்கு அதுல வருத்தம் இல்லீங்க. அவருதான் ஏணி புடிச்சாரு” என்றபோது எல்லாரும் கைதட்டினார்கள்.

இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆரம்பித்தவர், தன் அம்மாவின் ஒரு ஏக்கர் நிலத்துக்குப் போனார்.

வெண்மணியைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்க முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அதற்குப் பிறகு இந்த மண்ணுக்கு வந்து தங்கியவர்கள் காந்தியவாதித் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். 1981-இல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உழுபவருக்கு நிலம் வேண்டும், அதைச் சண்டையில்லாமல் வாங்க வேண்டும் என்பது அவர்கள் வழி. விற்க மனமிருக்கும் நிலக்காரர்களிடம் உட்கார்ந்து பேசி, வங்கிக் கடனுக்கு அலைந்து, விலை கொடுத்து வாங்கி, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு ஆளுக்கு ஓர் ஏக்கர் என்று பிரித்துக் கொடுத்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அப்படி நிலம் பெற்றன. கிருஷ்ணம்மாளுக்கும் ஜெகந்நாதனுக்கும் 2008-இல் ரைட் லைவ்லிஹூட் விருது கிடைத்ததும், 2020-இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்ம பூஷண் கிடைத்ததும் பேப்பரில் வந்தது. அந்த நிலத்தையெல்லாம் அவர் பெண்களின் பெயரில்தான் எழுதி வைத்தார் என்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்?

அந்த முன்னாள் தலைவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “எங்கப்பா ஒரு தடவை நிலத்தை அடகு வைக்கலாம்னு கேட்டாரு. கடன் நெருக்கடி, அவரு மேலயும் தப்பு சொல்ல முடியாது. எங்கம்மா, ‘நிலம் என் பேர்ல இருக்கு, நான் கையெழுத்துப் போட மாட்டேன்’னு சொல்லிடுச்சு. எங்கம்மா வாழ்க்கையில அவருக்கு எதிர்த்து சொன்ன ஒரே வார்த்தை அதான். அந்த ஒரு ஏக்கர் நெல்லுலதான் நான் பன்னெண்டாவது வரைக்கும் படிச்சேன்.”

‘நான் கையெழுத்துப் போட மாட்டேன்’ என்று சொல்வதற்கு முதலில் கையெழுத்துக்கு மதிப்பு இருக்க வேண்டும். காகிதத்தில் பெயர் இருக்க வேண்டும்.

இதன் நடைமுறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஊரில் இல்லாதவர்களுக்காக. நாற்றுப் பறிப்பது, நடுவது, களை எடுப்பது என்று டெல்டாவில் நெல் வேலையில் பாதிக்கு மேல் பெண்கள் கை. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கச் சிட்டா, அடங்கல் வேண்டும், அதாவது நிலம் யார் பெயரில், அதில் என்ன பயிர் என்று காட்டும் வருவாய்த் துறைக் காகிதங்கள். பயிர்க் காப்பீட்டுக்கும் அதுதான் ஆதாரம். கொள்முதல் நிலையத்தில் மூட்டையைப் போடவும் அதைத்தான் கேட்பார்கள், பணம் அந்தப் பெயருக்குரிய வங்கிக் கணக்குக்குத்தான் போகும். மத்திய அரசு வருடத்துக்கு 6,000 ரூபாய் தரும் விவசாயி உதவித்தொகையும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். வெள்ளத்தில் பயிர் அழுகினால் நிவாரணமும் அப்படியே. பட்டாவில் பெயர் இல்லாதவள் அந்த வயலில் நாற்பது வருடம் குனிந்து நிமிர்ந்திருந்தாலும் அரசாங்கக் காகிதத்தில் விவசாயி ஆக மாட்டாள்.

இதை மேடையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தபோது என் நினைவு வேறு ஒரு நாளுக்குப் போய்விட்டது.

எங்கள் அப்பாவுக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். வாய்க்கால் பாசனம், நல்ல வண்டல். அப்பா 2007-இல் போனார். மறு வருடம் ஆடி கழிந்ததும் பெரியண்ணன் போன் செய்து, “பாப்பா, புதன்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ் வரைக்கும் வந்துட்டுப் போ, ஒரு கையெழுத்து” என்றார். என்ன கையெழுத்து என்று நான் கேட்கவில்லை. எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே. விடுதலைப் பத்திரம். என் பங்கை அண்ணன்மார்களுக்கு விட்டுக் கொடுத்தேன் என்று எழுதி, பைசா வாங்காமல் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து ஜவுளிக் கடைக்குக் கூட்டிப்போய் எனக்குப் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார்கள். அண்ணன்கள் இருவரும் தங்கமானவர்கள். இன்றைக்கும் பொங்கல் சீர் தவறாமல் வருகிறது. அவர்களைக் குறை சொல்லி நான் இதை எழுதவில்லை. ‘பிறந்த வீட்டு உறவு வேணுமா, நிலம் வேணுமா’ என்ற கேள்வியை எங்கள் ஊர்ப் பெண்களிடம் யாரும் வாய் விட்டுக் கேட்பதில்லை. கேட்காமலே பதில் சொல்லி வளர்ந்துவிடுகிறோம்.

என்னை உறுத்துவது என் கையெழுத்துகூட இல்லை. அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் நின்று அம்மாவும் கையெழுத்துப் போட்டாள். அப்பாவின் மனைவி என்ற முறையில் அவளுக்கும் அதில் பங்கு உண்டு. அந்த ஒன்பது மாவில் நடவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கஞ்சி காய்ச்சிச் சுமந்தவள், களத்தில் ராத்திரி நெல்லுக்குக் காவல் படுத்தவள். பேனாவை வாங்கி, நிதானமாக, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் ஒவ்வொரு மாதமும் மாத்திரை வாங்குவதற்கு மகன்களிடம் கேட்கிறாள். கேட்டால் உடனே கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் கேட்கிறாள்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் வந்தது 1989-இல். அறுபது வருடம்! அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அதுவும் இல்லை. 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு அந்தத் தடையும் போனது. அந்த உரிமைக்கு 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான் கையெழுத்துப் போட்ட 2008-இல் சட்டம் முழுக்க என் பக்கம்தான் இருந்தது. எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் மறுத்திருப்பேனா என்றால், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அம்மா பங்கையாவது விடாதே என்று சொல்லியிருப்பேன்.

மதியத்துக்கு மேல் பேசியவர் ஓய்வு பெற்ற இசை ஆசிரியை. ஆராதனை முடிந்த கையோடு திருவையாற்றிலிருந்து வந்திருந்தார். பெங்களூர் நாகரத்தினம்மாளைப் பற்றிப் பேசினார். தியாகராஜர் சமாதி கவனிப்பாரில்லாமல் கிடந்த நாளில், தன் நகையையும் கச்சேரியில் சம்பாதித்ததையும் போட்டு, 1920-களில் அங்கே கோயில் எழுப்பியவர் அந்த அம்மாள். எழுப்பிய இடத்திலேயே ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்று தடை இருந்தது. அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். பிறகுதான் தரப்புகள் ஒன்றாயின. இன்றைக்கு அங்கே போனால் தியாகராஜர் சன்னதியைப் பார்த்தபடி அவர் சிலை உட்கார்ந்திருக்கும். எத்தனையோ முறை பஞ்சரத்தினம் கேட்கப் போயிருக்கிறேன், அந்தச் சிலையைக் கும்பிட்டுவிட்டும் வந்திருக்கிறேன். அது நிற்கும் இடத்தை வாங்க அவர் என்ன பாடு பட்டார் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

நன்றியுரை என்னுடைய பொறுப்பு. எழுதி வைத்திருந்ததை மடித்து வைத்துவிட்டு மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். மண்டபத்திலிருந்து மூவலூர் பக்கத்தில்தான். தேவதாசி முறையை ஒழிக்கப் பல வருடம் போராடியவர். அந்தச் சட்டம் 1947-இல் வந்தது. அதே விஷயத்தில், தேவதாசி மரபில் வந்த நாகரத்தினம்மாள் எதிர்த் தரப்பில் நின்றவர், தங்கள் கலையும் சொத்தும் பறிபோகும் என்று பயந்தவர். இருவரையும் ஒரே மேடையில் நினைத்துப் பார்த்தால் எனக்கு இருவர் பக்கத்து நியாயமும் தெரிகிறது. ஆனால் சின்னப் பெண் குழந்தைக்குப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு விடும் வழக்கம் போக வேண்டியதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1938-இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னை வரைக்கும் நடந்தே போனபோது இராமாமிர்தம் அம்மையாருக்கு 55 வயது.

வரவேற்பில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் வருகிறது. 2022 செப்டம்பரில் வந்த திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கானது. அதன் முழுப் பெயர் என்ன என்று கேட்டேன். தெரியவில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். 1989-இல் திருமண உதவியாகத் தொடங்கியதுதான் இப்படிப் படிப்புக்கான உதவியாக மாறியது. அந்தப் பெண் சொந்த ஊர் மூவலூருக்கு அடுத்த ஊர். “எங்க ஊருப் பக்கமா மேடம்?” என்று கண் விரியக் கேட்டாள். அன்றைக்கு நான் செய்த நல்ல காரியம் அந்தப் பெயரை அவளிடம் சொன்னதுதான்.

மாநாடு முடிந்து பந்தல் பிரிக்கும்போதே ஐந்தாறு பேர் உட்கார்ந்து பேசினோம். இந்த வருடம் தையல் மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை வேறு வேலைக்கு எடுத்தோம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, சங்கக் கட்டடத்து முன்னறையில், பட்டாவில் பெண்கள் பெயர் சேர்க்க உதவுவது. எங்கள் உறுப்பினர் ஒருவரின் அண்ணன் ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர், அவர் வந்து உட்கார ஒப்புக்கொண்டார். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திர நகல் என்று என்னென்ன வேண்டும் என்பதை ஒரு தாளில் தமிழில் தெளிவாக அச்சடித்தோம். மனு எழுதித் தருகிறோம், இ-சேவை மையத்துக்குக் கூடப் போகிறோம். புதிதாக இடம் வாங்குகிற குடும்பங்களிடம், பத்து லட்சத்துக்குள் இருந்து பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம் குறைவு என்பதை எடுத்துச் சொல்கிறோம். 2025 ஏப்ரலிலிருந்து அந்தச் சலுகை இருக்கிறது.

முதல் சனிக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். எல்லார் கையிலும் மஞ்சள் பை, அதற்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் மடித்து மடித்து ஓரம் கிழிந்த காகிதம். ஒருவருக்குக் கணவர் இறந்து பதினான்கு வருடம், பட்டா இன்னும் மாமனார் பெயரிலேயே இருக்கிறது. இடையில் எத்தனை வெள்ளம், எத்தனை நிவாரணம் வந்து போயிருக்கும்! பெயர் என்ன என்று கேட்டால் முதலில் கணவர் பெயரைத்தான் சொன்னார். இல்லைங்க, உங்க பேரு என்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு இப்போது 81 வயது. அறுவடை நேரத்தில் ஒரு மாதம் என்னோடு வந்து இருப்பாள். கீழ்வேளூர்க்காரர் கதையை இரண்டு தரம் சொல்லச் சொன்னாள்.

“அந்தம்மா நிலம் இன்னும் இருக்கா?”

“இருக்காம்மா.”

“ஒரு ஏக்கரும்?”

“ஒரு ஏக்கரும்.”

கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த சனிக்கிழமை நானும் வரட்டுமா என்று கேட்டாள். வந்தாள். வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிற பெண்களிடம் எந்த ஊரு, எத்தனை மா, வாய்க்கால் பாசனமா போர் பாசனமா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். பெயரை அவள்தான் கேட்டு நோட்டில் எழுதினாள், எழுத்துக் கூட்டி, நிதானமாக.